ஊசியனின் முள்வரிசை

அகலமான ஆறு ஒன்றின் மேற்குக் கரையில் யானைக்காடு இருந்தது. அந்தக் காட்டு யானைகளைவிடப் பலசாலிகள் எங்கும் இல்லை. அவற்றின் அரசன் கொம்பையன். அவனுக்கு யோசனை சொல்பவன் ஊசியன் என்கிற முள்ளம்பன்றி.

ஊசியன் பெரிய அறிவாளி என்று பெயர் எடுத்தவன். வளையைவிட்டு அதிகம் வெளியே வரமாட்டான். உள்ளே உட்கார்ந்தபடியே உலகம் முழுவதையும் யோசித்து முடித்துவிடுவான்.

ஆற்றின் கிழக்குக் கரையில் மூன்று குளங்கள் இருந்தன. வடகுளம் காட்டுப்பன்றிகளுடையது. நடுக்குளம் எருமைகளுடையது. தென்குளம் மான்களுடையது. அவற்றுக்கு அப்பால் ஒரு குன்று. குன்றில் ஒரு புலி.

ஒருநாள் மந்தி ஒன்று மூச்சிரைக்க ஓடிவந்து சொன்னது: “அக்கரையில் பெரிய கலவரம்! வடகுளத்தை ஆண்ட முதலையைப் பன்றிகள் எல்லாம் சேர்ந்து விரட்டிவிட்டன. மறுநாளே புலி அங்கே தண்ணீர் குடிக்க வந்ததாம்.”

கொம்பையன் சபையைக் கூட்டினான்.

“அவர்கள் குளம், அவர்கள் பாடு. நமக்கு நம் காடு போதும்” என்றாள் பெரியநாச்சி என்ற மூத்த பெண் யானை.

“அப்படி விடக்கூடாது. நாம் வாழ்கிற மாதிரி வாழ அவர்களுக்கும் கற்றுக்கொடுக்க வேண்டும்” என்றது ஒரு கரடி.

ஊசியன் நடுவில் வந்தான். உடம்பை ஒரு சிலிர்ப்பு சிலிர்த்தான். பொலபொலவென்று முட்கள் உதிர்ந்தன. அவற்றைப் பொறுக்கி ஈர மண்ணில் வரிசையாக நட்டான்.

“இது வடகுளம். இது நடுக்குளம். இது தென்குளம். கடைசியில் நிற்பது நம் காடு. எல்லோரும் நன்றாகப் பாருங்கள்.”

முதல் முள்ளை மூக்கால் தள்ளினான். அது அடுத்ததன்மேல் விழுந்தது. அடுத்தது அதற்கடுத்ததைச் சாய்த்தது. கடைசி முள் சரிந்து கொம்பையனின் காலில் போய்க் குத்தியது.

ஊசியன் நிமிர்ந்து கொம்பையனைப் பார்த்தான்.

“ஒரு குளம் புலியிடம் போனால் எல்லாம் போகும், அரசே. நடுக்குளத்திலேயே போய்த் தடுத்தால்தான் உண்டு.”

“நீ அந்தக் குளங்களைப் பார்த்திருக்கிறாயா?” என்று கேட்டாள் பெரியநாச்சி.

“எதற்குப் பார்க்க வேண்டும்? முள் விழுந்ததை எல்லோரும்தானே பார்த்தோம்?” என்றான் ஊசியன்.

சபை ஆரவாரம் செய்தது. அன்று ஊசியனுக்குக் கால் தரையில் பாவவில்லை. போகிற இடமெல்லாம் அவன் பேச்சுதான். அணில்கள்கூடக் குச்சிகளை வரிசையாக நட்டுத் தள்ளிவிட்டு விளையாடின.

மறுநாள் விடிந்ததும் யானைகள் ஆற்றைக் கடந்தன. எருமைகளின் தலைவி கருமாயி அவர்களை வரவேற்றாள். புலிக்குக் கன்றுகளைப் பறிகொடுத்தவள் அவள். இத்தனை பெரிய துணை தேடி வந்ததில் அவளுக்கு மகிழ்ச்சிதான்.

மந்தி இக்கரைக்கும் அக்கரைக்குமாகச் செய்தி கொண்டுவந்தது. முதலில் எல்லாம் நல்ல செய்தி. போகப்போகச் செய்தியின் சுருதி மாறியது.

“எருமைகள் இப்போது யானைகளோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை” என்றது மந்தி.

ஊசியன் வளைக்குள் உட்கார்ந்து யோசித்தான். “புலி அவர்கள் மனதைக் கலைத்திருக்கிறது. இன்னும் யானைகளை அனுப்புங்கள்.”

இன்னும் யானைகள் போயின. எருமைகளின் முகம் இன்னும் இறுகியது. கடைசியில் கொம்பையனே புறப்பட்டுப் போனான். போன வேகத்தில் ஊசியனுக்கு ஆள் அனுப்பினான். “உன் முள்வரிசையை இவர்களுக்கும் வந்து காட்டு. நாம் எதற்காக வந்திருக்கிறோம் என்று இவர்களுக்குப் புரியவே இல்லை.”

வாழைத்தண்டுத் தெப்பத்தில் ஊசியன் ஏறிக்கொண்டான். ஒரு யானை அதைத் தள்ளிக்கொண்டு நீந்தியது. ஊசியனுக்கு ஒரே உற்சாகம். என்ன பேசுவது, எந்த இடத்தில் நிறுத்துவது என்றெல்லாம் வழிநெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

நடுக்குளத்தைக் கண்டதும் அவனுக்குப் பேச்சு மறந்தது.

யானைகள் இறங்கி ஏறிய இடத்தில் குளக்கரை உடைந்து கிடந்தது. உடைப்பு வழியாகத் தண்ணீர் புதர்க்காட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. நிழல் தந்த மரங்கள் ஒடிந்து மொட்டையாக நின்றன. குளத்தில் பாதி சேறு. அந்தச் சேற்றில் ஒரு கன்று வயிறுவரை புதைந்து கத்த, அதன் தாய் முட்டி முட்டி மேலே தள்ளிக்கொண்டிருந்தது.

ஆனாலும் வந்த வேலையை முடிக்க வேண்டுமே. ஊசியன் கருமாயியின் முன்னால் முட்களை நட்டான். தள்ளினான். எல்லாம் விழுந்தன.

கருமாயி கீழே கிடந்த முட்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“முள்ளம்பன்றியாரே, இதில் நாங்கள் எது?”

“நடுவில் இருப்பது.”

“அதற்குக் கொம்பு இல்லையே. அதற்குக் கோபம் வராதா? பக்கத்தில் இருப்பவன் மேலே விழுந்தால் நகர்ந்துகொள்ளத் தெரியாதா?”

“பன்றிகள் புலியோடு சேர்ந்துவிட்டார்களே?” என்று ஊசியன் சமாளித்தான்.

“யார் சொன்னது? அவர்கள் குட்டிகளை அந்தப் புலி தின்றிருக்கிறது. அன்று தண்ணீர் குடிக்க வந்தவன் ஒரு வாய் குடிப்பதற்குள் அடித்துத் துரத்திவிட்டார்கள். முதலையைத் துரத்தியது அவர்கள் வீட்டுச் சண்டை. எங்களுக்கும் பன்றிகளுக்கும் ஆகவே ஆகாது. ஆனால் புலியை எங்கள் இரண்டு பேருக்குமே பிடிக்காது. எங்களில் யாரையாவது கேட்டிருந்தால் சொல்லியிருப்போம்.”

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “இன்று காலை என் மந்தையிலிருந்து இரண்டு பேரைக் குன்றுக்கு அனுப்பியிருக்கிறேன்.”

“எதற்கு?”

“புலியை அழைத்துவர.”

ஊசியனின் முட்கள் எல்லாம் குத்திட்டு நின்றன. “புலியையா? அவன் கன்றுகளைக் கேட்பானே!”

“கேட்பான். ஒன்றிரண்டு கேட்பான். தண்ணீர் வற்றினால் எல்லாக் கன்றும் சாகும். உங்களை வெளியேற்ற எனக்கு வேறு வழி தெரியவில்லை.”

நடக்கும் என்று ஊசியன் சொன்னது நடக்கத்தான் போகிறது. நடுக்குளம் புலியிடம் போகப்போகிறது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும்; ஊசியன் அன்றைக்கே சொன்னான் என்று காடு முழுக்கக் கொண்டாடும்.

சேற்றில் அந்தக் கன்று மறுபடியும் கத்தியது. ஊசியன் ஓடினான். அவன் குட்டைக் கால்களால் எவ்வளவு வேகமாக ஓட முடியுமோ அவ்வளவு வேகமாக ஓடினான்.

பன்றிகள் புலியின் பக்கம் என்று நம்பிய கொம்பையன், வடகுளத்தின்மேல் பாய்வதற்காக யானைகளை அணிவகுத்து நிறுத்திக்கொண்டிருந்தான்.

“அரசே, நிறுத்துங்கள். நாம் திரும்பிப் போக வேண்டும்.”

“என்ன உளறுகிறாய்? உன் பேச்சைக் கேட்டுத்தானே வந்தேன்?”

“என் பேச்சு தப்பு. அன்றைக்கு முட்கள் தாமாக விழவில்லை, என் மூக்குதான் தள்ளியது. இப்போது இந்தக் குளத்தைப் புலியின் பக்கம் தள்ளிக்கொண்டிருப்பது நம் கால்கள்.” கருமாயி சொன்னதையெல்லாம் ஊசியன் ஒரே மூச்சில் கொட்டினான்.

கொம்பையனின் துதிக்கை மேலே எழுந்தது. ஊசியன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். துதிக்கை அவனுக்குப் பக்கத்துத் தரையில் விழுந்து புழுதியைக் கிளப்பியது.

“பாதியில் திரும்பினால் கோழை என்று சிரிப்பார்களே?”

“சிரிக்கட்டும். அவளிடமே கேளுங்கள், அரசே. இதுவரை நாம் கேட்கவே இல்லை.”

கொம்பையன் கனத்த நடையோடு கருமாயியிடம் போனான். “உனக்கு என்ன வேண்டும்?”

“கரையைக் கட்டிக்கொடுங்கள். பிறகு உங்கள் காட்டுக்குப் போங்கள். கூப்பிட்டால் வாருங்கள். கூப்பிடாமல் வராதீர்கள்.”

யானைகள் பாறைகளை உருட்டின. மரங்களை இழுத்துப் போட்டன. சேற்றை அள்ளி அள்ளி அப்பின. குன்றுக்குப் போனவர்களைத் தடுக்கக் கருமாயி ஓர் இளம் எருமைக்கிடாவை விரைந்து அனுப்பினாள். ஆனால் அவன் பாதி வழி போவதற்குள் அவர்கள் எதிரே வந்துவிட்டார்கள். பின்னாலேயே புலியும் வந்தது.

புலி கரைமேல் ஏறி நின்று நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டது. “அழைத்தீர்களாமே?”

“அழைத்தோம். இப்போது வேண்டாம்” என்றாள் கருமாயி.

“வந்தவனை வெறுங்கையோடு அனுப்புவதா? ஒரு கன்றைக் கொடுத்தால் போய்விடுகிறேன்.”

கொம்பையன் பாறையைப் போட்டுவிட்டு முன்னால் பாய்ந்தான்.

“நில்லுங்கள்!” என்றாள் கருமாயி. கொம்பையன் நின்றுவிட்டான். அவனை அப்படி நிறுத்திய குரல் அதுவரை எதுவும் இல்லை.

எருமைகள் கன்றுகளைப் பின்னுக்குத் தள்ளின. தோளோடு தோள் சேர்ந்து பிறை போல வளைந்து நின்றன. கொம்புகள் தாழ்ந்தன. புலி இடப்பக்கம் நகர்ந்தது, பிறையும் நகர்ந்தது. புலி வலப்பக்கம் நகர்ந்தது, பிறையும் நகர்ந்தது.

அப்போது வடக்குப் புதர்கள் சரசரவென்று பிளந்தன. காட்டுப்பன்றிகள் கூட்டமாக வந்து எருமைகளின் பக்கத்தில் நின்றன.

“இவன் வாடை வந்தது, வந்தோம். உங்களுக்காக ஒன்றும் இல்லை” என்று உறுமியது முன்னால் நின்ற கிழட்டுப் பன்றி.

“உங்களை யார் கேட்டார்கள்?” என்றாள் கருமாயி. ஆனால் சற்று நகர்ந்து இடம் விட்டாள்.

புலி கொம்புகளைப் பார்த்தது. கோரைப்பற்களைப் பார்த்தது. பிறகு வேறு ஏதோ வேலை நினைவுக்கு வந்ததுபோலத் திரும்பி, அவசரமே இல்லாமல் குன்றைப் பார்த்து நடந்தது. புதர் மறைத்ததும் அது ஓடிய சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

கொம்பையன் வாய் பிளந்து நின்றான். “இவர்களுக்கு இது முடியும் என்று நீ சொல்லவே இல்லையே?” என்று ஊசியனிடம் கேட்டான்.

“எனக்கே தெரியாது, அரசே” என்றான் ஊசியன்.

கரையைக் கட்டி முடித்து யானைகள் காடு திரும்பின. காட்டில் சிலர் ஊசியனைக் கேலி செய்தார்கள். அவன் யோசனைக்கு முன்போல மவுசு இல்லை. ஓடிப்போன தண்ணீரும் திரும்பி வரவில்லை. அந்தக் கோடையில் நடுக்குளம் வற்றி, இரண்டு கன்றுகள் இறந்தன. மந்தி வந்து அதைச் சொன்ன அன்று ஊசியன் எதுவும் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் ஆற்றங்கரைக்குப் போய், தன்னை அக்கரையில் கொண்டுபோய் விடும்படி ஒரு யானையிடம் கேட்டான். கருமாயியைப் பார்க்க வேண்டும் என்றான்.

நேரில் பார்க்காத, கேட்டறியாத நாட்டைத் தன் பயத்தை வைத்தே அளந்து காப்பாற்றப் புறப்படும் வல்லரசு, தான் அஞ்சிய பகையைத் தன் கையாலேயே அங்கே உண்டாக்கிவிடும்.