போதும் என்னும் பொத்தான்

தாராபுரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே, சைக்கிள் கடையின் மாடியில், மெஹருன்னிசா கணினி வகுப்பு நடத்திவந்தார். முப்பது வயதைத் தாண்டாத ஆசிரியை. அவரிடம் பயின்றவர்களில் மூத்தவர் சென்னியப்பன். அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர்; ஆசிரியையின் தந்தையைவிடவும் வயதில் பெரியவர்.

அவர் வேலை தேடி அங்கு வரவில்லை. பொழுதைப் போக்கவும் வரவில்லை. அவருடைய மனைவி பூவாத்தாள் பக்கவாதத்தால் பேச்சை இழந்து கட்டிலோடு இருந்தார். இடக்கை மட்டுமே சொன்னபடி அசைந்தது. சென்னியப்பன் சமையற்கட்டில் இருக்கும் வேளையில் பூவாத்தாளுக்குத் தாகம் எடுத்தால் தெரிவிக்க வழியில்லை.

ஓசூரில் வாழ்ந்த மகள் வசுமதி ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தாள். அம்மா தன் தேவையைத் தானே தெரிவிக்க ஒரு வழி அமையவில்லையென்றால், ஓசூரில் உள்ள பராமரிப்பு இல்லத்துக்கு அவரை அழைத்துப் போய்விடுவேன் என்றும் தொலைபேசியில் உறுதியாகக் கூறிவிட்டாள். மகள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் சென்னியப்பனால் அவளோடு சண்டை போட முடியவில்லை.

ஆகவே அவர் ஒரு கணினி நிரல், அதாவது புரோகிராம், எழுதத் துணிந்தார். வீட்டிலிருந்த தொடுதிரைக் கணினியில் மூன்று பொத்தான்கள்: தண்ணீர், வலி, போதும். விரலால் தொட்டால் அந்தச் சொல்லைக் கணினி உரக்கச் சொல்ல வேண்டும். குரல் சென்னியப்பனுடையது, அவரே பேசிப் பதிவு செய்தது.

மூன்றாவது பொத்தானுக்கு ஒரு காரணம் உண்டு. சென்னியப்பன் எதையும் ஒரு முறை சொல்லி நிறுத்தி அறியாதவர். படியில் நிற்பவர்களை உள்ளே போகச் சொல்லிப் பணிக்காலம் முழுவதும் கூவியவர், வீட்டுக்கு வந்தும் அப்படியே பேசுவார். “போதும், இது பஸ்ஸு இல்ல” என்பார் பூவாத்தாள். பேசிய காலத்தில் அவர் அதிகம் சொன்ன சொல் அதுதான்.

அந்த நிரலை ஒரே மாலையில் தான் எழுதித் தந்துவிடுவதாக மெஹருன்னிசா முன்வந்தார். சென்னியப்பன் தலையசைத்து மறுத்தார்.

“அவ கூப்புடறது என்னைய. மணியக் கட்டறதும் நானா இருக்கோணும், டீச்சரம்மா.”

ஆசிரியை மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

வியாழக்கிழமை மாலை, மற்ற மாணவர்கள் போன பிறகு, சென்னியப்பன் கணினியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். முகம் இறுகியிருந்தது. நடந்ததை ஒழுங்காகச் சொன்னார். காலையில் பூவாத்தாள் முதன்முறையாகத் ‘தண்ணீர்’ பொத்தானைத் தொட்டிருக்கிறார். கணினி கூவியிருக்கிறது. இவர் ஓடிப்போய்த் தண்ணீர் கொடுத்திருக்கிறார். குடித்து முடித்த பூவாத்தாள் ‘போதும்’ பொத்தானைத் தொட்டிருக்கிறார். கணினி நிற்கவில்லை. தண்ணீர், தண்ணீர் என்று கூவிக்கொண்டே இருந்தது. மறுபடி தொட்டார். திரை கல்லாகக் கிடந்தது. பூவாத்தாள் கையை இழுத்துக்கொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

“பொத்தானத் தொட்டாக் கேக்கோணும். ஏன் கேக்க மாட்டேங்குது?” என்றார் சென்னியப்பன்.

மெஹருன்னிசா நிரலை மேலிருந்து கீழாகப் படித்தார். ‘தண்ணீர்’ பொத்தானைத் தொட்டதும் என்ன செய்ய வேண்டும் என்ற பகுதியில், சற்று இடைவெளி விட்டு மீண்டும் மீண்டும் அதே சொல்லைக் கூறும்படி சென்னியப்பன் எழுதியிருந்தார். சமையற்கட்டில் தாளிக்கும் சத்தத்தில் ஒரு முறை சொன்னால் காதில் விழாது என்பது அவர் கணக்கு.

ஆசிரியை திரையிலிருந்து கண்ணை எடுத்தார்.

“உங்க விசில் கையில இருக்குங்களா?”

சாவிக்கொத்தில் இருந்தது. ஓய்வு பெற்ற பிறகும் அவர் அதைக் கழற்றவில்லை.

மெஹருன்னிசா ஒரு நாற்காலியைச் சன்னலைப் பார்த்துத் திருப்பிப் போட்டு அமர்ந்தார். தானே ஓட்டுநர் என்றார். நிறுத்தம் வந்துவிட்டது, ஒரு பாட்டியம்மா இறங்க வேண்டும், ஊதுங்கள் என்றார்.

சென்னியப்பன் ஒரு முறை ஊதினார். நிறுத்து என்று பொருள்.

ஆசிரியை எழுந்தார். படியிறங்கித் தெருவுக்குப் போய்விட்டார்.

சென்னியப்பன் காத்திருந்தார். பிறகு இரண்டு முறை ஊதினார். புறப்படு என்று பொருள். நாற்காலி காலியாக இருந்தது. மீண்டும் ஊதினார். கீழே சைக்கிள் கடைக்காரர் அண்ணாந்து பார்த்து, மாடிக்கு எப்போது பஸ் விட்டார்கள் என்று கேட்டார்.

வெகுநேரம் கழித்து ஆசிரியை கையில் தேநீரோடு மேலே வந்தார்.

“எங்கீங்க போனீங்க?” என்றார் சென்னியப்பன். கோபம் வந்திருந்தது.

“பாட்டியம்மாவ அவங்க வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டுட்டு வந்தேன்.”

“அது டிரைவர் வேலையா? நான் இங்க ஊதி ஊதித் தொண்ட வத்திப்போச்சு. காதுல விழுகலீங்களா?”

“கேக்கறதுக்கு சீட்டுல யாருங்க இருந்தா?”

‘தண்ணீர்’ என்று கூவப் போன கணினியும் இருக்கைக்குத் திரும்பவே இல்லை என்பது சென்னியப்பனுக்கு உறைத்தது. நாற்காலியைப் பார்த்தார், பிறகு திரையைப் பார்த்தார்.

அப்படியானால் திரும்பத் திரும்பச் சொல்வது எப்படி என்று கேட்டார். அடுப்படிச் சத்தத்தில் ஒரு முறை போதாதே.

கணினிக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது என்றார் ஆசிரியை. சற்று நேரம் கழித்து என்னை எழுப்பு என்று அதனிடம் சொல்லலாம். சொல்லிவிட்டு உடனே இருக்கைக்குத் திரும்பிவிட வேண்டும். அது எழுப்பியதும் ஒரு முறை சொல்வது, மறுபடி கடிகாரத்திடம் ஒப்படைப்பது, மறுபடி இருக்கை. ‘போதும்’ வந்தால் கடிகாரத்துக்குச் சொன்னதை ரத்து செய்துவிடலாம்.

சென்னியப்பன் அங்கேயே அமர்ந்து எழுதினார். பிழை வந்தது, அழித்தார், மறுபடி எழுதினார். வகுப்பைப் பூட்டும் நேரம் தாண்டியும் ஆசிரியை அவரைக் கிளப்பவில்லை. கடைசியில் ‘வலி’யைத் தொட்டார், கணினி சொன்னது. இடைவெளி விட்டு மறுபடி சொன்னது. ‘போதும்’ தொட்டார். அந்தச் சொல்லை ஒரு முறை கூறிவிட்டு அடங்கியது.

அவர் கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கினார்.

சனிக்கிழமை காலையிலேயே மறுபடி வந்து நின்றார். எல்லாம் ஓடுகிறது, ஒன்றும் குறையில்லை என்றார்.

“ஆனா அவ தொட மாட்டேங்கறா. நாளைக்கு மக வந்துருவா.”

நீங்கள் என்ன செய்தீர்கள் என்று ஆசிரியை கேட்டார். சென்னியப்பன் மறைக்கவில்லை. நேற்று விடிந்ததிலிருந்து கட்டிலருகே நின்று, தண்ணீர் வேண்டுமா, வலிக்கிறதா, தொடு, பயப்படாமல் தொடு என்று சொல்லிக்கொண்டே இருந்ததாகக் கூறினார். விரலைப் பிடித்துப் பொத்தான்மேல் வைத்தும் காட்டியிருக்கிறார். பூவாத்தாள் கண்ணை மூடிக்கொண்டாராம்.

மெஹருன்னிசா கேட்டார்: “உங்க புரோகிராமுல கடைசி வரி என்னங்கய்யா?”

“யாராச்சும் தொடற வரைக்கும் காத்திருக்கற வரி.”

“அது இல்லாட்டி?”

சென்னியப்பனுக்கு முதல் வாரம் நினைவுக்கு வந்தது. அந்த வரியை எழுத மறந்திருந்தார். பொத்தான்கள் இருக்கும் அந்தச் சட்டம், ஜன்னல் என்று ஆசிரியை சொல்வது, திரையில் தோன்றிய கணமே மறைந்துபோயிற்று. அன்று கணினி கெட்டுவிட்டது என்று சத்தம் போட்டவர் அவர்.

“ஜன்னல் நிக்காது,” என்றார்.

“அந்த வரி பொத்தானப் போய் அமுக்குதுங்களா?”

“இல்லீங்க.”

“அமுக்கு அமுக்குன்னு சொல்லுதுங்களா?”

சென்னியப்பன் கணினியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

ஞாயிறு காலை, பூவாத்தாளின் இடக்கை எட்டும் தூரத்தில் திரையை வைத்தார். அருகில் ஒரு முக்காலியில் அமர்ந்தார். பேசவில்லை. பேருந்தில் நெரிசலில் நின்றே காலம் கழித்தவருக்கு அதைவிடக் கடினமான வேலை வாய்த்ததில்லை. தண்ணி வேணுமா என்ற கேள்வி நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கினார். மறுபடி வந்தது, விழுங்கினார். பூவாத்தாள் கண்ணைத் திறந்து, இவருக்கு என்ன ஆயிற்று என்பதுபோல் பார்த்தார்.

வசுமதி பையும் கையுமாக வந்துசேர்ந்தாள். திரையைப் பார்த்தாள், அம்மா அதைத் தொடுகிறாரா என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றார் சென்னியப்பன். அவள் கட்டிலின் விளிம்பில் அமர்ந்து, ஓசூர் இல்லத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். காற்றோட்டமான அறை, எந்நேரமும் செவிலியர், வாரந்தோறும் மருத்துவர். சொன்னதையே மறுபடியும் சொன்னாள். தகப்பனின் பிள்ளை அவள்.

சென்னியப்பன் முக்காலியைப் பற்றிக்கொண்டு வாய்மூடி இருந்தார்.

“போதும்.”

குரல் சென்னியப்பனுடையது. வசுமதி சினந்து தந்தையின் பக்கம் திரும்பினாள்.

“என்னைய எதுக்குப்பா நிறுத்தறீங்க?”

அவர் கட்டிலைக் காட்டினார். பூவாத்தாளின் விரல் இன்னும் திரைமேல் இருந்தது. அடுத்து அது நகர்ந்து ‘தண்ணீர்’ பொத்தானைத் தொட்டது. சென்னியப்பன் எழுவதற்குள் வசுமதி எழுந்து சமையற்கட்டுக்கு ஓடினாள். அவள் குவளையோடு திரும்பி வந்து அம்மாவுக்குப் புகட்டிய பிறகு, விரல் மறுபடி ‘போதும்’ பொத்தானைத் தேடிப்போயிற்று. கணினி அடங்கியது.

அன்று மாலை மகள் ஓசூருக்குத் தனியாகவே பேருந்து ஏறினாள்.

மறுநாள் சென்னியப்பன் ஒரு சீப்புப் பூவன்பழத்தோடு வகுப்புக்கு வந்தார். பழத்தை மேசைமேல் வைத்து, நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னார். அவர் சுருக்கமாகப் பேசி மெஹருன்னிசா கேட்டது அதுவே முதல் முறை. பிறகு விடைபெறுவதுபோல் கைகூப்பினார்.

“புரோகிராமு முடிஞ்சுதுங்க, டீச்சரம்மா.”

மெஹருன்னிசா பழத்தில் ஒன்றைப் பிய்த்து அவரிடமே நீட்டினார்.

“முடியக் கூடாதுங்கய்யா. முடிஞ்சா ஜன்னல் மூடிக்கும்.”