இரட்டைப் பாறையில் இறங்குங்கள்

மருதங்காட்டில் கோடை பிறந்துவிட்டால் எல்லா வழியும் குளத்துக்குத்தான். தண்ணீர் அங்கே, நாவல் பழம் அங்கே, ஊர் வம்பும் அங்கே. ஆனால் அந்தக் காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. சின்னப் பிராணிகள் யாரும் குளத்துக்கு நடந்து போகமாட்டார்கள். ஆளுக்கொரு வாகனம்! அணில் மான் மேல் வரும். கீரி காட்டுப்பன்றி மேல் வரும். குரங்கார் காட்டெருமை மேல் கால்மேல் கால் போட்டுக்கொண்டு வருவார். கையளவு அணிலுக்கு ஒரு முழு மான் எதற்கு என்று யாரும் கேட்டதில்லை.

கேட்டது சிவப்பி ஒருத்திதான். அவள் ஓர் ஆள்காட்டிக் குருவி. எதைப் பார்த்தாலும் ஏன், எப்படி, எங்கே என்று கேட்காவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. இந்தக் கோடையில் அவள் கேட்டதற்கு வேறு காரணமும் இருந்தது. குளத்து வழியோரம், வெறும் சரளைக் கல்லில், அவள் நான்கு முட்டைகள் இட்டிருந்தாள். வழியில் நெரிசல் கூடக் கூட, குளம்புகள் சரளை மேட்டின் மேல் ஏறிக்கொண்டே வந்தன. குஞ்சு பொரிக்க இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

நெரிசலைத் தீர்க்கச் சொல்லி நாட்டாமைக் கரடி நரியிடம் பொறுப்பைக் கொடுத்தது. நரியின் பெயர் மதிவாணர். குளக்கரையில் உட்கார்ந்து, மணலில் குச்சியால் மூன்று நாள் கோடு போட்டார். கோடுகள் அழகாகவே இருந்தன.

"நாவல் மரத்தடியில் ஒரு திடல். எல்லாரும் வாகனத்தை அங்கே விட்டுட்டு, நம்ம பெரியநாச்சி யானை மேல ஏறிக் குளத்துக்கு வரணும். ஒரு யானை முப்பது பேரைச் சுமக்கும். முடிஞ்சது வேலை" என்றார்.

எல்லோரும் வாலை ஆட்டினார்கள். யானை மேல் எல்லோரும் சேர்ந்து போவது நல்ல யோசனைதான் என்று சிவப்பிக்கும் தோன்றியது. ஆனாலும் ஏதோ உறுத்தியது.

முதல் நாளே விஷயம் தெரிந்துவிட்டது. திடல் நிரம்பி வழிந்தது. யானையோ, மதிவாணரை மட்டும் சுமந்துகொண்டு இங்கும் அங்கும் நடந்தது. நாவல் மரத்திலிருந்து குளம் பத்தடி தூரம்!

"இவ்வளவு தூரம் இடிபட்டு வந்துட்டேன். இந்தப் பத்தடிக்கு யானை எதுக்கு?" என்று இறங்கி நடந்தது கீரி.

அன்று பகலில் ஒரு பன்றியின் கால் சறுக்கியது. சிவப்பியின் முட்டைகளில் ஒன்று உடைந்துபோனது. அவள் அழுதாள். பிறகு முட்டைகளுக்குத் தன் இணையைக் காவல் வைத்துவிட்டு, கூட்டத்துக்கு எதிர்த் திசையில் நடக்க ஆரம்பித்தாள். பறந்தால் முகங்கள் தெரியாதே, அதனால் நடந்தாள்.

"அண்ணே, எங்கேயிருந்து வர்றீங்க? எந்த இடம் வரைக்கும் சுகமா வந்தீங்க?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டாள்.

"இரட்டைப் பாறை வரைக்கும் ஒரு தொந்தரவும் இல்லை தாயி. அதுக்கப்புறம்தான் உயிர் போகுது" என்றது முயல்.

"இரட்டைப் பாறை" என்றது உடும்பு. "இரட்டைப் பாறைதான்" என்றது அணிலும். "அங்கேயே இறங்கி யானை மேல போனா என்ன?" என்று சிவப்பி கேட்டாள். "இறங்கிட்டா என் மான் எதைத் தின்னும்? யானை போயிட்டா நான் எவ்வளவு நேரம் காத்துக் கிடக்கிறது?"

சிவப்பி பாறைக்கே போய்ப் பார்த்தாள். அங்கே முழங்கால் உயரப் புல் இருந்தது, புளியமர நிழலும் இருந்தது. அதைத் தாண்டியதும் வழி குறுகியது. ஒருபக்கம் முள்புதர், மறுபக்கம் அவளுடைய சரளை மேடு.

மாலையில் நாட்டாமை முன் வந்து நின்றாள். "திடல் நெரிசல் தொடங்குறதுக்கு முன்னாடியே இருக்கணுங்க. இவர் நெரிசல் முடியுற இடத்துல வச்சிட்டார். இரட்டைப் பாறையில வைங்க. நிழல் ஒரு முழம் நகர்றதுக்குள்ள யானை திரும்பி வந்துடணும்."

மதிவாணர் சிரித்தார். "அவ்வளவு தூரத்துல யாரும்மா இறங்குவா? கோடு போடத் தெரியுமா உனக்கு?"

கரடி தாடையைச் சொறிந்தது. "மதிவாணரே, நீர் எந்த வழியா குளத்துக்கு வர்றீர்?"

"நானா? என் வளையே குளக்கரையிலதானே இருக்கு."

அந்த வழியில் அவர் ஒரு நாள்கூட வந்ததில்லை!

"அப்போ நாளைக்குக் காட்டு எல்லையிலிருந்து வாரும்" என்றது கரடி.

மறுநாள் மதிவாணர் பன்றி மேல் ஏறி வந்தார். இரட்டைப் பாறை வரை பாட்டு முணுமுணுத்தார். பாறையைத் தாண்டியதும் பாட்டு நின்றது. முன்னால் காட்டெருமையின் பின்புறம், பின்னால் மானின் கொம்பு. வெயில் உச்சிக்கு வந்தது. அவர் நாலடிகூட நகரவில்லை. நாக்கு வறண்டு தொங்கியது. பக்கத்தில் பார்த்தால், மூன்று முட்டைகள் மேல் சிறகை விரித்து நின்று சிவப்பி கத்திக்கொண்டிருந்தாள். பன்றியின் குளம்புக்கும் முட்டைக்கும் ஒரு சாண்தான் இடைவெளி.

மதிவாணர் குதித்து இறங்கினார். பாறைக்குத் திரும்பி ஓடி, வருகிறவர்களை மறித்தார். "இங்கேயே இறங்குங்க! பெரியநாச்சியை இங்கே வரச் சொல்லுங்க!"

குரங்கார் மட்டும் முரண்டு பிடித்தார். காட்டெருமையில் வந்து இறங்கினால்தானே மதிப்பு? யானை அதைவிட உயரம் என்று சிவப்பி எடுத்துச் சொன்ன பிறகு, முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தார்.

அன்று முதல் பாறைக்கு அப்பால் வழியில் நடந்த பெரிய பிராணி யானை மட்டும்தான். அதுவும் அன்று பதித்த தடத்திலேயே மறுபடி மறுபடி கால் வைத்து நடந்தது. சரளை மேட்டில் ஒரு கல்கூட நகரவில்லை. மான்களும் பன்றிகளும் புளிய நிழலில் புல்லும் கிழங்கும் தின்று கொழுத்தன.

ஒன்பதாம் நாள் மூன்று முட்டைகளும் பொரிந்தன. கடைசிக் குஞ்சு, தலையில் ஓட்டுத் துண்டோடு, கடந்து போகும் யானையை அண்ணாந்து பார்த்தது.

"அம்மா, இது யாரு? எங்கே போகுது? ஏன் போகுது?"

சிவப்பிக்குக் கண் நிறைந்தது. பதில் சொல்ல உட்கார்ந்தாள். கொஞ்சம் தள்ளி, வழியைப் பார்த்துவரக் காட்டு எல்லையிலிருந்து கால் நோக நடந்து வந்த மதிவாணரும் அதைக் கேட்க நின்றார்.

ஊராருக்கு வழி வகுக்க நினைப்பவர், கோடு போடும் முன் அந்த வழியில் ஒரு நாளாவது வந்து பார்த்து, வருகிறவர்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.