நடை டிக்கெட்

சுண்டைக்காட்டு ஜனங்களிடம் புத்திக்குக் குறைவே கிடையாது. யாரும் அதை எடுத்துச் செலவழித்ததில்லை, அவ்வளவுதான். அந்த ஊருக்குச் சொந்தமாக ஒரே ஒரு பஸ். அதன் கண்டக்டர் மாசிலாமணி. பஸ் போகிற வழியில் உள்ள எட்டிக்குளத்துச் சடையப்பன் அவனுக்குப் பெண் கொடுக்கச் சம்மதித்திருந்தார். ஆனால், "உமக்கு இந்த வேலை இருக்கிற வரைக்கும்தான் நீர் மாப்பிள்ளை" என்று கறாராகச் சொல்லியிருந்தார்.

டீசல் விலை ஏறியது. பஸ்ஸை நிறுத்திவிடலாமா என்று பஞ்சாயத்தில் பேச்சு வந்ததும் மாசிலாமணி ஓடிப்போய்த் தலைவரின் காலைப் பிடித்தான்.

தலைவர் வைரக்கண்ணு டவுனுக்குப் போய் ஓர் அதிகாரியிடம் யோசனை கேட்டு வந்தார். "டிக்கெட்டைக் கூட்டினா எத்தனை பேர் இறங்கிப் போயிடுவாங்கன்னு, முதல்ல பஸ்ஸுல போறவங்களைக் கேளுங்க" என்றிருந்தார் அவர்.

மறுநாளே கேட்டார்கள். பஸ் மலைச்சரிவில் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. தலைவர் கம்பியைப் பிடித்தபடி, "டிக்கெட் ரெண்டு மடங்குன்னா யாரெல்லாம் இறங்குவீங்க?" என்றார்.

ஒருவரும் அசையவில்லை.

"நாலு மடங்கு?"

ஜன்னல் வழியாகப் பள்ளத்தை எட்டிப் பார்த்த ஓர் அம்மாள், "சாமி சத்தியமா இறங்க மாட்டேன்!" என்று அலறினாள்.

தலைவருக்குக் கண் கலங்கியது. "நம்ம பஸ் மேல என்ன பாசம், பாருங்கய்யா! டிக்கெட்டும் நாலு மடங்கு, வசூலும் நாலு மடங்கு." மாசிலாமணி மனசுக்குள் தாலிக்கே பொன் உருக்கிவிட்டான்.

புதுக் கட்டணம் வந்த அன்று பஸ் காலி. ஜனம் முழுக்கச் சாலையில் நடந்தது. பஞ்சாயத்து அவசரமாகக் கூடியது.

"யாரும் இறங்க மாட்டோம்னுதானே சொன்னாங்க?" என்றார் ஒருவர்.

"இறங்கலையே. ஏறத்தான் இல்ல" என்றார் தலைவர். "ஏறுவீங்களான்னு நாம கேக்கலை. தப்பு நம்ம மேலதான்."

"பழையபடி குறைச்சுடலாமே?" என்றான் மாசிலாமணி பரிதாபமாக.

"குறைச்சா இந்தக் கூட்டம் மொத்தமும் ஏறுமே! ஒரு பஸ் தாங்குமா? இன்னொன்னு வாங்கணும். அதுக்கு டிக்கெட்டைக் கூட்டணும்" என்றார் தலைவர்.

மாசிலாமணி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். தலைவர் தாடையைச் சொறிந்தார். "கூட்டம் எங்கயோ அங்கதானே கண்டக்டர் இருக்கணும்? பஸ்ஸை ஓரங்கட்டு. நீ நடக்கிறவங்களுக்கு டிக்கெட் போடு. பஸ் கட்டணத்துல பாதி. டீசலும் மிச்சம்!"

பாதி விலை என்றதும் ஊரே முண்டியடித்தது. சிலர் சாலையில் துண்டு போட்டு ஜன்னலோர இடம் பிடித்தார்கள். கூட்டம் நகர்ந்ததும் துண்டைத் தேடித் திரும்பி ஓடினார்கள்.

பஸ் நின்றுபோன சேதி கேட்டு, சம்பந்தத்தை முறித்துவிடச் சடையப்பன் வந்தார். மாசிலாமணி விசிலும் பையுமாக முன்னால் நடப்பதைப் பார்த்து, வேலை போகவில்லை என்று தெரிந்துகொண்டார். சரி, ஊர் திரும்பவாவது உதவுமே என்று தானும் ஒரு டிக்கெட் எடுத்துக்கொண்டு நடந்தார்.

எட்டிக்குளத்தில் அவர் வீட்டு வாசல் வந்தது. "வீடு வந்துடுச்சு, நிறுத்துங்க மாப்பிள்ளை."

மாசிலாமணி திரும்பிப் பார்த்தான். மாமனாரைப் பார்ப்பதா, வேலையைப் பார்ப்பதா? "இங்க ஸ்டாப்பிங் இல்ல மாமா" என்று சொல்லி இரட்டை விசில் கொடுத்தான்.

சடையப்பன் வாசலில் நின்ற மனைவிக்குக் கையசைத்துக்கொண்டே ஊர்க்கோடிவரை போய் இறங்கினார். சொந்தக்காரன் என்றுகூடப் பார்க்காத அந்தக் கண்டிப்பு அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அங்கேயே கல்யாணத்துக்கு நாள் குறித்துக் கொடுத்தார்.

பிறகு ஒரு மரத்தடியில் போய் உட்கார்ந்தார். வீடு கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. மனைவி கூப்பிட்டுக்கொண்டும் இருந்தாள். ஆனால் திரும்புகிற கூட்டம் சாயங்காலம்தான் வரும். அதுவரை டிக்கெட் இல்லாமல் எப்படி நடப்பது?