பாதியில் நின்ற தாழ்

மார்கழியின் கடைசி வாரம். விடியற்கால வழிபாடு முடிந்து, சேர்வராயன் மலையில் பனி இன்னும் விலகாத ஏழு மணி. தவக்குடிலின் சமையற்கூடத்தில் மரகதவல்லி ஓவனின் கதவை உதைத்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு வயது ஐம்பத்தெட்டு. அவளுடைய குருவான ஞானாம்பிகை அம்மையார் அவளைவிடப் பத்து வயது இளையவர். ஓசை கேட்டு வந்து சமையற்கூட வாசலில் நின்றார்.

"அது உங்களை என்ன செய்தது?"

"திறக்க மாட்டேன் என்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கான ரொட்டி மாவு பொங்கி நிற்கிறது. இதுவானால் சண்டித்தனம் செய்கிறது."

கைப்பிடியை மறுபடியும் இழுத்தாள். அது முறிந்து கையோடு வந்தது.

"முதலில் நடந்ததைச் சொல்லுங்கள்."

"உள்ளே வெண்ணெய் சிந்தியிருந்தது. சூட்டில் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் பொத்தானை அழுத்தினேன். கதவு பூட்டிக்கொள்ளத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்து, வெளிவாசலில் ஆள் வந்திருப்பதாகச் சொன்னார்கள். உடனே நிறுத்திவிட்டு இழுத்தேன்."

"வந்தவர் யார்?"

"தணிகாசலம். என் தம்பி."

அம்மையார் அந்தக் கதையை அறிவார். சென்ற தை மாதம் அவர்களுடைய தாய் இறந்தார். வீட்டைத் துறந்து போனவளுக்கு இழவு சொல்வது முறையல்ல என்று ஊரில் யாரோ சொல்ல, தம்பி சொல்லாமலே விட்டான். தாய்க்கு வாய்க்கரிசி இட வேண்டிய மகள், எல்லாம் முடிந்த பிறகு தொலைபேசியில் செய்தி கேட்டாள். இப்போது முதலாண்டுத் திதிக்கு அக்காவை அழைத்துப்போக வந்திருக்கிறான். ஒன்பது மணிப் பேருந்தில் அவன் மலை இறங்க வேண்டும்.

"அவரைப் பார்த்தீர்களா?"

"பார்க்க மாட்டேன். போகச் சொல்லிவிடுங்கள்." சற்று மூச்சு வாங்கிக்கொண்டாள். "அம்மா, ஒன்று கேட்கிறேன். அன்றைக்கே போனில் 'பரவாயில்லை, விடு' என்று சொல்லிவிட்டேன். மன்னித்தாயிற்று. பிறகு ஏன் அவன் பெயரைக் கேட்டாலே வயிறு எரிகிறது?"

அம்மையார் ஓவனருகே வந்தார். மெயின் சுவிட்சை அணைத்தார். சற்றுப் பொறுத்து மீண்டும் போட்டார். பூட்டுக் கோளாற்றைக் காட்டும் சிவப்பு எழுத்துகள் மறுபடியும் மின்னின. டார்ச் விளக்கை வாங்கிக் கதவிடுக்கில் பார்த்தார்.

"மறுபடியும் அதே பொத்தானை அழுத்துங்கள்."

"நான் திறக்க வேண்டும் என்கிறேன். நீங்கள் பூட்டச் சொல்கிறீர்களே!"

"அழுத்துங்கள். கதவை இழுக்காதீர்கள், உள்ளே தள்ளிப் பிடியுங்கள்."

பல்லைக் கடித்துக்கொண்டு தோளால் தள்ளினாள். உள்ளே மோட்டார் முனகியது. தாழ் மெல்ல ஊர்ந்துபோய், 'டொக்' என்று விழுந்தது.

"இப்போது நிறுத்துங்கள்."

முனகல் மறுபக்கமாகத் திரும்பியது. சிவப்பு எழுத்துகள் மறைந்தன. அம்மையார் கதவின் விளிம்பில் இரண்டு விரல்களை வைத்து இழுத்தார். திறந்தது.

"தாழ் பாதியில் நின்றிருந்தது," என்றார். "பாதியிலிருந்து திரும்ப அதற்குத் தெரியவில்லை. முழுவதும் போய்த்தான் திரும்பும்."

பிறகு வெளிவாசலுக்குக் கேட்கும்படி, "தணிகாசலம், உள்ளே வாருங்கள்," என்றார்.

மப்ளர் சுற்றிய ஒருவன் தயங்கித் தயங்கி வந்தான். "அக்கா, எப்படி இருக்கே?"

"எப்படி இருக்கேனா? பெத்தவ வாயில நாலு அரிசி போட எனக்கு உரிமையில்லையாடா? நான் செத்துட்டேன்னு எவன்டா உனக்குச் சொன்னான்? அவ மொகத்தக்கூடக் காட்டாம எரிச்சுட்டு, 'எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுக்கா'ன்னியே! எதுடா நல்லபடி? நானும் பரவாயில்லைன்னேன் பாரு, அது பொய்டா! கேக்குதா? பச்சைப் பொய்!"

கையிலிருந்த கைப்பிடியை அவன்மேல் வீசினாள். குறி தவறி அது மிளகாய்க் கூடையில் விழுந்தது.

அம்மையார் ரொட்டித் தட்டுகளை ஒவ்வொன்றாக ஓவனுக்குள் வைத்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

"வாய் செத்துப்போச்சா? பேசேண்டா!"

"இதத்தான்கா அன்னிலேருந்து எதிர்பார்த்தேன்," என்றான் தணிகாசலம். கண்களை மப்ளரால் துடைத்துக்கொண்டான். "நீ பரவாயில்லைன்னதும் பயந்துட்டேன். தம்பின்னு ஒருத்தன் இல்லவே இல்லைன்னு முடிவு பண்ணிட்டியோன்னு."

அவள் அவனை முறைத்தாள். பிறகு போய் ஒரு துணிப்பையுடன் வந்தாள்.

"அம்மா, திதிக்குப் போய் வரட்டுமா?"

"கோபம் தீர்ந்ததா?"

"இல்லை. பேருந்தில் வழியெல்லாம் திட்டுவேன்."

"அப்படியானால் போய் வாருங்கள்," என்றார் அம்மையார்.

கைப்பிடியின் விலையில் பாதியை, திதி முடிந்து திரும்பிய அன்றே மரகதவல்லி கொடுத்தாள். தன் பங்கான மீதியைத் தணிகாசலம் அனுப்பிவைப்பதாகச் சொன்னான், நேரில் வந்துதான் தர வேண்டும் என்றாள் அக்கா. மாசியில் அவன் நேரில் வந்து கொடுத்தான்.