தையல்நாயகியின் ஸ்டோர் ரூம்

சிவகாமி அம்மா தலைவியாக இருந்த காலத்தில் மாயவரத்தில் எங்கள் மடத்துக்கு விதவிதமான ஆட்கள் வருவார்கள். மடப்பள்ளி என் பொறுப்பு. யார் சாப்பிட வருகிறார்கள், யார் கேள்வி கேட்க வருகிறார்கள் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். இரண்டுக்கும் சேர்த்து வருகிறவர் பஞ்சநதம் ஒருத்தர்தான். அம்மாவைவிட வயதில் ரொம்ப மூத்தவர். ஆனாலும் அம்மா முன்னால் கைகட்டித்தான் நிற்பார். அந்த நாட்களை இப்போது நினைத்தாலும் மனசுக்கு இதமாக இருக்கிறது.

நகராட்சியில் வீட்டு பிளான்களைப் பார்த்து அனுமதி தருகிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். பொல்லாத கறார் பேர்வழி. ஸ்டோர் ரூமுக்கு வென்டிலேட்டர் போடாத பிளான் வந்தால் திருப்பி அனுப்பிவிட்டுத்தான் மறுவேலை.

"சார், சாமான் போடுற ரூம்தானே, யார் குடியிருக்கப் போறாங்க?" என்று ஜனங்கள் கெஞ்சுவார்களாம்.

"மனுஷனுக்கு மூச்சு முட்டினா கத்துவான். அரிசி மூட்டை கத்துமாய்யா?" என்பாராம் இவர். இதை எங்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

ஒருநாள் வந்தவர் இலையில் உட்காரவில்லை. நேராக அம்மாவிடம் போய் நின்றார்.

"அம்மா, எனக்கு ஒரு வழி சொல்லணும். என் சம்சாரம் தையல்நாயகி போனதும் அவ புடவையெல்லாம் ஸ்டோர் ரூம்ல வச்சுப் பூட்டிட்டேன். தினமும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கிட்டுக் கொஞ்ச நேரம் உட்காருவேன். அவ வாசனை இருக்கும். இப்போ பூஞ்சை நாத்தம் அடிக்குது."

"சரி."

"பூஞ்சை போகணும். அவ வாசனை போகக் கூடாது. அதுக்கு என்ன செய்யணும்?"

அம்மா எழுந்துகொண்டார். "வீட்டைக் காட்டுங்கய்யா."

நானும் கூடப் போனேன். சமையலறைக்குப் பின்னால் குட்டி அறை. கதவைத் திறந்ததும் குப்பென்று வந்தது பாருங்கள், நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அம்மா பொத்தவில்லை. உள்ளே போய் அண்ணாந்து பார்த்தார். மேலே வென்டிலேட்டர் இருக்க வேண்டிய இடத்தில் சிமென்ட் பூச்சு. மேடும் பள்ளமுமாக இருந்தது. கொத்தனார் பூசியது இல்லை என்று எனக்கே தெரிந்தது.

"இதை யாருங்கய்யா அடைச்சது?"

"நான்தாம்மா. காரியம் முடிஞ்ச மறுநாள்."

"ஊர்ல வேற யாராவது இப்படி ஒரு ரூமைக் கட்டியிருந்தா?"

பஞ்சநதம் தலையைக் குனிந்துகொண்டார். "கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன்."

பஞ்சநதமே போய்ச் சுத்தியலும் உளியும் எடுத்துவந்தார். ஸ்டூலில் ஏறி நின்றார். ரொம்ப நேரம் வெறுமனே நின்றார். அப்புறம் தட்ட ஆரம்பித்தார். சிமென்ட் பெயர்ந்து விழுந்தது. வெளிச்சம் வந்தது, பின்னாலேயே காற்றும் வந்து வாசல் வழியாகப் போனது. அந்த நாற்றம் மெல்ல மெல்லக் குறைந்தது.

அவர் இறங்கி மூச்சை இழுத்துப் பார்த்தார். மறுபடியும் இழுத்துப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"போச்சும்மா. சுத்தமாப் போச்சு. அவகிட்டேயிருந்து எனக்கு மிச்சம் இருந்தது அது ஒண்ணுதான்."

பெரிய மனுஷர் குழந்தை மாதிரி அழுதார். இந்த அம்மா எதற்கு இவரை இப்படிப் பண்ணினார் என்று எனக்குக் கோபமாக வந்தது. இருந்த கொஞ்சநஞ்சமும் போய்விட்டதே மனுஷருக்கு!

அம்மாவோ அவரைத் தேற்றவில்லை. அலமாரியிலிருந்து அரக்குக் கலர் கூறைப் புடவையை எடுத்தார். கரையெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. கொல்லைப்பக்கம் கொண்டுபோய், உச்சி வெயிலில் கொடியில் விரித்துப் போட்டார்.

பஞ்சநதம் துள்ளி எழுந்து ஓடிவந்தார்.

"அடியே! பட்டுப் புடவையை எவளாச்சும் வெயில்ல போடுவாளா? சாயம் வெளுத்துடாது? கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மாவை 'அடியே' என்பதாவது! வாசலில் பிச்சை கேட்கிற பெண்ணைக்கூட 'வாங்கம்மா' என்று கூப்பிடுகிற மனுஷர்.

அவரும் விறைத்துப்போய் நின்றார். சட்டென்று வாயில் அடித்துக்கொண்டார்.

"மன்னிச்சுடுங்கம்மா, மன்னிச்சுடுங்க. அது என் பேச்சு இல்லே."

"யார் பேச்சுங்கய்யா?"

"அவ பேச்சும்மா. மழைக்காலம் முடிஞ்சதும் புடவையெல்லாம் எடுத்து உலர்த்துவா. கூடமாட உதவலாம்னு போவேன். எதைச் செஞ்சாலும் தப்பாத்தான் செய்வேன். 'அடியே'ன்னுதான் கத்துவா, என்னையே! பக்கத்து வீட்டுப் பொண்ணுங்க எல்லாம் சிரிக்கும்." அழுகைக்கு நடுவிலேயே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவ திட்டினதெல்லாம் எனக்கு மறந்தே போச்சும்மா. அந்தக் குரலைக் கேட்டு எத்தனை நாளாச்சு!"

அம்மா கொடியிலிருந்து புடவையை உருவி அவர் கையில் கொடுத்தார்.

"அவங்க சொல்றது சரிதாங்கய்யா. நிழல்ல போடுங்க."