கல்லுப்பொடி போட்ட பாதியும் போடாத பாதியும்

அரிசியில் கல் பொறுக்க உட்கார்ந்தாலே எனக்கு ஊமச்சிப்பட்டிக்காரர்கள் ஞாபகம் வந்துவிடும். நாம் வேண்டாம் வேண்டாமென்று கல்லைப் பொறுக்கி எறிகிறோம். அவர்கள் லாரி வைத்து இறக்கிக் காட்டில் போட்டார்கள். கை பாட்டுக்கு வேலை பார்க்கட்டும், சொல்கிறேன்.

அந்த ஊருக்கு மண்ணை ஆராய்ச்சி செய்ய இளம்பரிதி என்று ஒரு சார் வந்தார். சின்ன வயசு, புது வேலை.

"காத்துல கரியமில வாயு கூடிப்போச்சு, அதான் இந்தச் சூடு. கருங்கல்லை மாவா அரைச்சுக் காட்டுல தூவுனா, அது மழைத்தண்ணியோட சேர்ந்து அந்த வாயுவைப் பிடிச்சு வச்சுக்கும்" என்றார்.

அதைச் சோதித்துப் பார்க்க அவர் பிடித்தது அந்த ஊர் வெள்ளைக்கண்ணுவின் கடலைக்காடு, ஒரு ஏக்கர். நடுவில் ஒரு வரப்பு. மேற்குப் பாதியில் பொடி போட வேண்டும், கிழக்குப் பாதியில் போடக் கூடாது.

"பொடி ஒண்ணைத் தவிர ரெண்டு பக்கமும் எல்லாம் ஒரே மாதிரி இருக்கணும். இங்க என்ன செய்றீங்களோ அதை அங்கயும் செய்யணும். கடலை பிடுங்குனதும் வந்து ரெண்டு மண்ணையும் எடுத்துச் சோதிப்பேன். வித்தியாசம் தெரிஞ்சாத்தான் எனக்கு வேலை நிலைக்கும். இல்லைன்னா வீட்டுக்கு அனுப்பிருவாங்க."

வீட்டுக்கு அனுப்பினால் நல்லதுதானே என்று கூட்டத்தில் நின்ற ஒச்சப்பன் நினைத்தான். ஆனால் சாருக்குக் கண் கலங்கியதால் அவனும் சேர்ந்து கலங்கினான். "உங்க வேலைக்கு நாங்க ஆச்சு சார்" என்று ஊரே சத்தியம் செய்தது.

மறுநாள் எட்டுப் பேர் கூடை கூடையாக மேற்கே பொடி தூவினார்கள். முடிந்ததும் வரப்பில் நின்று யோசித்தார்கள். அந்த ஊரில் யோசிப்பதற்கென்றே ஒரு ஆள் உண்டு, சடையாண்டி.

"இங்க எட்டுப் பேர் நடந்திருக்கோம். அங்க நடக்கலையே?" என்றார் அவர்.

எட்டுப் பேரும் வெறுங்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு கிழக்கே போய், சாயங்காலம் வரைக்கும் ஒன்றுமில்லாததைத் தூவினார்கள். பொடி தூவும்போது ஒச்சப்பன் ஏழு தும்மல் தும்மியிருந்தான். கிழக்கே தும்மல் வரவில்லை. மூக்குப்பொடி வாங்கிவந்து ஏற்றினார்கள். ஒன்பது வந்துவிட்டது. மேற்கே போய் இரண்டு தும்மிவிட்டு வந்த பிறகுதான் அவனை வீட்டுக்கு விட்டார்கள்.

கடலை நன்றாகத்தான் முளைத்தது. ஒரு நாள் ஒரு வெள்ளாடு கிழக்கே புகுந்து மூன்று பாத்தியை மேய்ந்துவிட்டது. வெள்ளைக்கண்ணுவின் பெண்டாட்டி பொன்னுருவி கம்போடு ஓடிவந்தாள்.

"விரட்டாதே தாயி!" என்று சடையாண்டி குறுக்கே விழுந்தார். "மேற்கேயும் மூணு பாத்தி மேயணும்."

ஆட்டை மேற்கே இழுத்துப்போனார்கள். வயிறு நிறைந்த ஆடு படுத்து அசைபோட்டது.

"தின்ன மாட்டேங்குதேண்ணே."

"ஆடு தின்னாட்டி என்ன? நமக்குப் பல்லு இல்லையா?" என்றார் சடையாண்டி.

"யோவ், கடலைக் கொழையையா திங்கப் போறீங்க?" என்றாள் பொன்னுருவி.

"சார் வேலை போயிடும், பேசாம இரு" என்று சொல்லிவிட்டு வெள்ளைக்கண்ணுதான் முதலில் குனிந்தான். எட்டுப் பேரும் நாலு காலில் நின்று மூன்று பாத்தியையும் மொட்டையாக மேய்ந்தார்கள். ராத்திரி வயிறு கலக்கி ஓடினார்கள். அதையும் இரண்டு பக்கமும் சரிபாதியாகத்தான் செய்தார்கள். அதில் ஒரு குறை சொல்ல முடியாது.

கடலை பிடுங்கியாயிற்று. நாளைக்குச் சார் வருகிறார். சடையாண்டி காட்டைப் பார்த்தார், முகம் செத்துவிட்டது.

"என்னப்பா இது? மேற்கு மண்ணு சாம்பலாட்டம் இருக்கு, கிழக்கு மண்ணு செக்கச்செவேல்னு இருக்கு. ஒரே மாதிரி இல்லையே!"

"வித்தியாசம் தெரியணும்னுதானே சாரு சொன்னாரு?" என்றான் ஒச்சப்பன்.

"வித்தியாசம் பாக்குறது அவரு வேலை. ஒரே மாதிரி வச்சுக்கிறது நம்ம வேலை. நம்ம வேலையை நாம ஒழுங்காச் செய்யணும். இங்க உள்ளதைத் தூக்கி அங்க போடுங்க, அங்க உள்ளதை இங்க போடுங்க."

"பொடியைத் தவிரன்னாரே?"

"பொடியவா தூக்கச் சொல்றேன்? அது மூணு மாசத்து மழையில மண்ணாப்போச்சு. மண்ணைத்தான் தூக்கச் சொல்றேன்."

மண்வெட்டியும் கூடையுமாக இறங்கினார்கள். மேற்கே வெட்டிக் கிழக்கே, கிழக்கே வெட்டி மேற்கே. பொன்னுருவியும் சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு சுமந்தாள். கடைசியில் கலப்பை வைத்து இரண்டையும் உழுதார்கள். வரப்பே இடைஞ்சலாக இருக்கிறதென்று அதையும் வெட்டி பக்கத்துக்குப் பாதியாகப் போட்டுவிட்டு, வரப்பு இருந்த இடத்தில் ஒரு கயிற்றைக் கட்டினார்கள்.

சார் கண்ணாடிக் குப்பிகளோடு வந்தார். அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை ஒரே நிறம்.

"எந்தப் பக்கம் பொடி போட்டது?" என்றார்.

எட்டுப் பேரும் பெருமையாக ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

"அதான் சார் விஷயம்! எங்களுக்கே தெரியாது. அப்படி ஒரே மாதிரி வச்சிருக்கோம்!"

சார் குப்பிகளைக் கீழே போட்டார். கயிற்றுக்கு இந்தப் பக்கமாகப் பொத்தென்று மயங்கி விழுந்தார்.

"ஐயையோ! இந்தப் பக்கம் விழுந்துட்டாரே!" என்று பதறினாள் பொன்னுருவி.

எட்டுப் பேரும் அவரை அலுங்காமல் தூக்கினார்கள். கயிற்றைத் தாண்டும்போது பாவி மனுஷன் கண்ணைத் திறந்துவிட்டார்.

"என்னை விடுங்கய்யா, நான் வீட்டுக்கே போறேன்!"

"போகலாம் சார். அங்க மயங்கித்தானே விழுந்தீங்க? இங்கயும் மயங்கி விழுந்துட்டுப் போயிடுங்க. உங்க வேலைதானே சார்!"

"எனக்கு மயக்கம் தெளிஞ்சிருச்சு!"

"மயக்கம் வர வைக்கிறது நம்ம பொறுப்பு" என்றார் சடையாண்டி. வெள்ளைக்கண்ணு தலைமாட்டைப் பிடித்தான், ஒச்சப்பன் இரண்டு காலையும் பிடித்தான், மற்றவர்கள் தள்ளி நின்று எண்ண, சாரைத் தரையில் படாமல் ராட்டினம் மாதிரி சுற்றத் தொடங்கி, ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்றாவது சுற்றில் ஒச்சப்பனுக்கு மயக்கம் வந்து அவன் கயிற்றுக்கு அந்தப் பக்கம் விழ, அவனைத் தூக்கி இந்தப் பக்கம் போடுவதற்குள் வெள்ளைக்கண்ணுவும் இந்தப் பக்கம் விழ, உடனே சடையாண்டி எல்லாரையும் நிறுத்தி, "பொறுங்கப்பா, இப்ப யாரு யாரை எந்தப் பக்கம்" — இந்தா வர்றேன் அத்தை, அரிசியை மூடி வச்சுட்டு வர்றேன், அதுவரைக்கும் பிள்ளையைக் கொஞ்சம்