பூவாயி துடைத்த பாதிக் கூரை

முன்னொரு காலத்தில் செம்பாறை நாட்டைக் கங்காதர பூபதி என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷன்தான். ஆனால் யாராவது புகழ்ந்துவிட்டால் போதும், கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டுவார். அப்படிப் புகழ்வதையே பிழைப்பாக வைத்திருந்தார் மந்திரி திருமேனிநாதர்.

"அரசே, நம் அடுப்பங்கரையில் தொங்குவது வெறும் ஒட்டடையா? எத்தனை ஆயிரம் பேருக்குச் சோறு போட்டீர்கள் என்பதற்கு அதுவல்லவா சாட்சி!" என்றார் ஒருநாள்.

ராஜாவுக்குப் புல்லரித்துவிட்டது. "அதை ஒருவரும் தொடக்கூடாது!" என்று உத்தரவு போட்டார். கேட்டீர்களா கூத்தை!

ஆறு வருஷத்தில் நெய்ப்புகையும் கரியும் சேர்ந்து உத்திரத்திலிருந்து கயிறு கயிறாகத் தொங்கின. சமையற்காரி பூவாயி தினமும் அதை அண்ணாந்து பார்ப்பாள். பங்குனி வெயில் ஏறிவிட்டால் ஒரு பொறி போதுமே! மாசியிலேயே ஏணி போட்டு ஏறிவிட்டாள். பாதிக் கூரையைத் துடைப்பதற்குள் திருமேனிநாதர் பார்த்துவிட்டு, ராஜாவைக் கையோடு அழைத்துவந்தார்.

"பாருங்கள் அரசே! உங்கள் புகழைச் சுரண்டி முறத்தில் அள்ளி வைத்திருக்கிறாள்!"

"நாளைக்குள் நாட்டைவிட்டுப் போ!" என்றார் ராஜா.

மூன்று பெண்பிள்ளைகளோடு எங்கே போவாள் பாவம்? ஆனால் பூவாயி அழவில்லை.

"போகிறேன் மகாராஜா. அதற்கு முன் ஒரே ஆசை. உங்கள் புகழை இவ்வளவு அறிந்த பெரியவர், தம் கையால் உங்களுக்கு நாலு வடை சுட்டுத் தரவேண்டும். இரண்டு அடுப்பு எரிகிறது. எதில் வேண்டுமானாலும் சுடட்டும்."

வடை என்றதும் ராஜா சம்மதித்துவிட்டார். திருமேனிநாதர் அண்ணாந்து பார்த்தார். துடைத்த பக்கத்து அடுப்பின் முன் நேரே போய் உட்கார்ந்தார்.

"ஐயா, அங்கே அரசர் புகழே இல்லையே! இந்தப் பக்கம் வாருங்கள்" என்றாள் பூவாயி.

"இங்கேதான் காற்று வருகிறது."

"அட, அவள் சொல்லும் அடுப்புக்குத்தான் போமேன்!" என்றார் ராஜா.

மந்திரி உத்தரீயத்தால் தலையை மூடிக்கொண்டு போனார். எண்ணெய் சடசடத்தது. விறகு வெடித்து ஒரு பொறி மேலே பறந்தது. அவ்வளவுதான், மனிதர் துள்ளி எழுந்தார்.

"ஐயோ, பற்றிக்கொண்டால் அரண்மனையே போய்விடும்!"

"என் புகழா பற்றும்?"

"புகழ் பற்றாது அரசே, ஒட்டடை பற்றும்!"

"தெரிந்தேவா ஆறு வருஷம் என் தலைக்குமேல் கொள்ளியைத் தொங்கவிட்டீர்?" ராஜா சீறினார்.

"அவரை மட்டும் ஏன் வைகிறீர்கள் மகாராஜா? தாங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று பாருங்கள்" என்றாள் பூவாயி.

ராஜா குனிந்து தன் காலைப் பார்த்தார், அண்ணாந்து கூரையைப் பார்த்தார். உள்ளே வந்ததிலிருந்து துடைத்த பக்கத்தில்தான் நின்றிருக்கிறார்! வெட்கமாகப் போய்விட்டது. அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"பூவாயி, நீ எங்கேயும் போகவேண்டாம். இனி மாசிக்கு மாசி நாட்டில் எல்லா அடுப்பங்கரையும் துடைத்தாகவேண்டும், இது என் உத்தரவு. திருமேனிநாதரே, மீதிப் பாதிக்கு இப்போதே நீர் ஏறும்!"

"நானா அரசே? ஏணி ஆடுகிறதே!"

"ஆடாது, ஏறும்" என்று ராஜா வேட்டியை மடித்துக்கட்டினார். "கீழே பிடித்துக்கொள்ளப்போவது நான்தான்."